கடைசியாகத் தொட்ட கட்டம்

ஜனவரி 5, திங்கள்

காலையில் பனி. துணி காயவில்லை. வானம் மூடிக்கொண்டு நிற்கிறது, மழை மட்டும் இல்லை.

கண்மாய்ச் சங்கத்துக்கான புரோகிராம் ஒருவழியாக முடிந்தது. கணக்கு டீச்சருக்கு ஓய்வுக்குப் பிறகு வந்த கிறுக்கு என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும். வேலை எளிதுதான். திரையில் கட்டம் கட்டமாக அட்டவணை. ஒரு கட்டம் ஒரு வயல், உள்ளே வயல்காரர் பெயர். கீபோர்டில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு, தண்ணீர் விட வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாகத் தொட்டால் கட்டம் நீலமாகும். பிறகு ஒரு பட்டன். முறைப் பட்டியல் அச்சாகிவிடும்.

சிக்கல்கள்: வெறும் கட்டத்தைத் தொட்டால் பட்டியலில் வெற்று வரி. சரிசெய்தாயிற்று. பாதியில் கண்ட்ரோலிலிருந்து விரல் நழுவினால் அதுவரை தொட்டதெல்லாம் போய்விடுகிறது. இதற்கு விரலைத்தான் பழக்க வேண்டும்.

வழக்கப்படி மடையை ஒட்டிய வயலில் தொடங்கினேன். அது எங்களுடையது, ஆகவே என் வீட்டுக்காரர் பெயர் முதலில். அப்படியே போய், வாய்க்கால் முடியும் கடைமடையில் பழனியம்மாள். அச்சடித்துச் சங்கத் தலைவருக்குக் கொடுத்தனுப்பினேன். சனிக்கிழமை மடை திறப்பு.

கேஸ் புக் பண்ணணும். பல்வலி. பொன்னமராவதி போனால்தான் தீரும்.

ஜனவரி 6, செவ்வாய்

பால் ஊற்றப் போன இவர் கேனோடு திரும்பி வந்தார். "ஒன் கம்ப்யூட்டர்ல என் வயலு கடைசிக்கு எப்புடிப் போச்சு?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். சங்கச் சுவரில் பட்டியல் தலைகீழ். பழனியம்மாள் முதல், இவர் கடைசி. அச்சடித்ததை ஒரு தடவை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை நான். விடையைச் சரிபார், சரிபார் என்று எத்தனை பிள்ளைகளை உயிரெடுத்திருப்பேன்.

பால் சொசைட்டி வாசலில் காதில் விழுந்தது: "டீச்சரு புருசனையே கடைசிக்குத் தள்ளிட்டாக. வீட்டுல என்ன சண்டையோ." சிரிப்பு.

மதியம் பழனியம்மாள். கை நிறையப் பச்சை மொச்சை. பயிர் பொதி கட்டி, கதிரை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறதாம். இந்த வாரம் தண்ணீர் காட்டாவிட்டால் கதிர் முழுசாக வெளியே வராது. போன வருடம் முறை அவரிடம் போவதற்குள் கண்மாய் வற்றி, பதரைத்தான் அறுத்தார். "கடைமடையிலருந்து எழுதுன மொத ஆளு நீங்கதான் டீச்சர்" என்றார்.

நான் அப்படி எழுதவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மொச்சையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 7, புதன்

சரியான தூக்கம் இல்லை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகளுக்குப் போன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். தேர்ந்தெடுத்த கட்டங்களை அது பின்னாலிருந்துதான் கொடுக்குமாம். கடைசியாகத் தொட்டது முதலில். "வரிசை வேணும்னா நீதாம்மா அடுக்கிக்கணும்."

நம்பாமல் சோதித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று வந்தது.

வகுப்பில் நோட்டு வைப்பது மாதிரி. முதலில் முடித்தவன் நோட்டை மேசையில் வைப்பான், அடுத்தவன் அதன் மேல். நான் மேலிருந்து எடுத்துத் திருத்துவேன். கடைசியாக வைத்தவனுக்கு முதலில் மார்க். முதலில் முடித்தவன் மணி அடிக்கும் வரை காத்துக் கிடப்பான். யாரும் முறையிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

திருத்தம் ஒரே ஒரு வரி. கடைசியிலிருந்து எண்ணிவரச் சொன்னால் போதும். பகலெல்லாம் அந்த வரியை எழுதுவதும் அழிப்பதுமாக. எழுதினால் பழனியம்மாள் பழையபடி கடைசி. எழுதாவிட்டால் தவறென்று தெரிந்தே விட்டுவைத்தது.

குழம்பில் உப்பு இல்லை. இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். திட்டியிருக்கலாம்.

ஜனவரி 9, வெள்ளி

நேற்று டைரி எழுதவில்லை. பாத்திரம் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

மாலையில் சங்கக் கூட்டம். எழுந்து சொல்லிவிட்டேன். தவறு புரோகிராமில், நான் தொட்டது வழக்கமான வரிசைதான், அது திருப்பிக் கொடுத்துவிட்டது. நோட்டு உதாரணமும் சொன்னேன். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை.

பழனியம்மாள் மட்டும் கேட்டார். "அப்ப நீங்க எழுதலையா டீச்சர்?"

இல்லை என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரே சத்தம். காய்ந்த வாய்க்கால் வழியாகக் கடைமடைக்கு விட்டால் பாதித் தண்ணீரை வாய்க்காலே குடித்துவிடும் என்றார் இவர். அது உண்மைதான். பழனியம்மாள் எழுந்திருக்காமலே சொன்னார்: "வாய்க்கா குடிச்ச மிச்சமாவது வரும்ல. ஒங்களுக்குப் பாஞ்ச மிச்சம் எனக்கு என்னைக்கு வந்துச்சு?" அதுவும் உண்மை.

முடிவில்லை. தலைவருக்குக் கல்யாண வீட்டுக்குப் போகும் அவசரம். பயிரைப் பார்த்து டீச்சரே ஒரு வரிசை போட்டுக் கொடுக்கட்டும், இந்தத் தடவை மறுபேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். மடைப்பக்கத்தார் கொஞ்சம் கூடுதல் தெம்பாக. இவர் எல்லாரையும்விடத் தெம்பாக. வரும் வழியில் எனக்குப் பூ வாங்கிக் கொடுத்தார்.

ஜனவரி 10, சனி

விடிந்ததும் வாய்க்கால் ஓரமாகவே நடந்தேன், மடையிலிருந்து கடைமடை வரை.

எங்கள் வயல்: பிந்தி நட்டது. இப்போதுதான் தூர் கட்டுகிறது. மண்ணில் விரல் பதிகிறது. ஒரு வாரம் தாங்கும்.
நடுவில் உள்ளவை: பாதி பொதி, பாதி தூர்.
பழனியம்மாள் வயல்: பொதி பிதுங்கி நிற்கிறது. வெடிப்பில் என் விரல் முழுசாக இறங்கியது.

அவர் அங்கே இல்லை. இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு வரியை எழுதினேன். சோதனை: ஒன்று, இரண்டு, மூன்று. இனி தொட்டபடியே வரும்.

கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு முதலில் பழனியம்மாள். பிறகு பொதி கட்டிய மற்ற வயல்கள். பாதியில் இவர் வாசலிலிருந்து டீ கேட்டார். விரல் நழுவியது. நீலம் எல்லாம் போயிற்று. டீ கொடுத்துவிட்டு வந்து மறுபடி தொடக்கத்திலிருந்து. மறுபடியும் பழனியம்மாள்.

கடைசியாகத் தொட்டது எங்கள் கட்டம்.

அச்சடித்து இரண்டு தடவை வாசித்தேன். தொட்டபடிதான் இருக்கிறது.

தலைவரிடம் கொண்டு கொடுக்க இவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "ஆச்சா?" என்றார். ஆச்சு என்றேன். தாள் இன்னும் என் மடியில்.