நாலு சக்கரமும் தரையில்

மயூர் விஹார், தில்லி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரெஜினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே நான், அப்பா, டெல்பின் மூன்று பேரும் சுகம். நீ சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், ஆனாலும் சுகமா என்று எழுதிக் கேட்காமல் எனக்குக் கடிதம் ஓடாது. இன்று காலை எழுந்ததும் நான் ஜெபம்கூடப் பண்ணவில்லை, அடுப்பில் பால் வைக்கவில்லை, நைட்டிக்கு மேல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கிப்போய், நம் ஜீப் வண்டியின் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா என்று பார்த்தேன். இருந்தன. காலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குப் பிறகும் மேலே வர மனசில்லாமல் அங்கேயே நின்றேன். வாசல் காவலாளி பக்கத்தில் வந்து, ஆண்ட்டி ஜி, காடி பீமார் ஹை க்யா என்று கேட்டான். வண்டிக்கு உடம்பு சரியில்லையா என்று ஒரு நர்ஸிடம் வந்து கேட்கிறான். சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். டைப் அடித்து அனுப்பினால் உன் தங்கை டெல்பின் என் போனை நோண்டிப் படித்துவிடுவாள். அவளுக்கு என் கையெழுத்துத் தமிழ் ஓடாது, உனக்கு ஞாயிறு பள்ளியில் படித்த புண்ணியத்தில் எழுத்துக்கூட்டியாவது ஓடும். அதனால்தான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீ மெதுவாகத்தான் படிக்க வேண்டியிருக்கும், அதுவும் நல்லதுதான், அம்மா சும்மா பயப்படுகிறாள் என்று இதை ஓட்டமாகத் தள்ளிவிட உன்னால் முடியாது.

உன்னோடு அங்கே வேலை பார்க்கிற ஜெகன் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தபோது தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு நீ கொடுத்த இரும்புச் சாமான்களைச் சுமந்து வந்தானே, அந்த நாளிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சு கிடையாது. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கிற தடித்த வளையங்கள், பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளுக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கிற கட்டைகள், அவற்றைச் சேர்த்து இறுக்குகிற நீளமான யூ போல்ட்டுகள், ஷாக் அப்சார்பர்கள், எல்லாவற்றையும் அப்பா பால்கனியில் பழைய பெட்ஷீட்டை விரித்துப் பரப்பி வைத்து, ஆபீசில் கோப்புகளைப் பார்த்த மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். போன மழைக்காலத்தில் சபை மருத்துவ முகாமுக்காக மலைக்குப் போனபோது வண்டியின் வயிறு பாறையில் இடித்து எண்ணெய் ஒழுகியதை நான் உன்னிடம் பேச்சுவாக்கில்தான் சொன்னேன். இரண்டு அங்குலம் தூக்கிவிட்டால் இடிக்காது, நானே அப்பாவுக்குச் சொல்லித் தருகிறேன் என்று நீ சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அவர் சரி என்பார் என்று அதைவிட எதிர்பார்க்கவில்லை.

நீ சிவில் சர்வீஸ் பரீட்சை எழுத மாட்டேன், பெர்த்தில் சுரங்க வண்டிகளைப் பழுதுபார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து அப்பா உன் போன் வந்தால் என் கையில் கொடுத்து, ஒங்க அம்மைட்ட பேசு என்று எழுந்து போய்விடுவார். நீயும் அப்பா எப்படி இருக்கார் என்று என்னிடம்தான் கேட்பாய். இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து சாப்பிட்ட கையோடு, மணி ஆச்சுட்டி, அவன் காத்திட்டிருப்பான் என்று அவர்தான் என்னைத் துரத்துகிறார். உன் வேலையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்காதவர், ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று உன்னிடம் கேட்கிறார். நான் போனைப் பிடித்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். ஏட்டி, இன்னும் கொஞ்சம் குனி, பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல்ல என்று அவர் கீழேயிருந்து சொல்வார், அம்மா, ப்ளர்ரா இருக்கு, கேமராவைத் தொடைங்க என்று நீ அங்கேயிருந்து சொல்வாய். அப்பாவும் மகனும் சேர்ந்து என்னைத் திட்டுவது எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா. அதனால்தான் இது வீட்டில் வைத்துச் செய்கிற வேலையா என்று முதலிலேயே கேட்காமல் இருந்துவிட்டேன். முதல்மாடி வெங்கட்ராமன் சார்கூட, என்ன ஸார் இது, வண்டியா ஒட்டகமா, பட்டறையில குடுக்கக் கூடாதோ என்று கேட்டார். அப்பா, என் மகன் பட்டறைக்காரன்தானே சார் என்றார். அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்ட அன்று நான் வேறு எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய சத்தம் கேட்டதே, என்னம்மா அது என்று நீ கேட்டாய். ஒண்ணும் இல்ல மக்கா, ஸ்பேனர் விழுந்துட்டு என்று அப்பா சொன்னார். அது ஸ்பேனர் இல்லை ரெஜின். வண்டிதான் விழுந்தது. நம் பார்க்கிங்கில் தரைக்கல்லுக்கு அடியில் வெறும் மணல், தூக்கின வண்டியைத் தாங்க இடதுபக்கம் நிறுத்தியிருந்த இரும்பு ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு கல் உள்ளே இறங்கி ஸ்டாண்டு சாய்ந்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் நீ உன் பக்கத்திலிருந்து ஒரு போல்ட்டைக் காட்டி, அப்பா, வெளிய வந்து இதை ஒரு தடவை பாத்துக்கங்க என்றாய். அடியிலிருந்து வெளியே வந்தவருக்கு அந்தச் சின்னத் திரையில் ஒன்றும் தெரியவில்லை, கண்ணாடியைத் தேடி எழுந்து, சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு நின்றார். துடைத்து முடிக்கவில்லை, வண்டி இறங்கிவிட்டது. என் கையிலிருந்து போன் கவிழ்ந்து விழுந்ததால் நீ எதையும் பார்க்கவில்லை. கழற்றின சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தாய் அல்லவா, வண்டி அதன்மேல்தான் உட்கார்ந்தது. அவர் படுத்திருந்த இடத்தில் என் கையை நுழைத்துப் பார்த்தேன். என் கை போனது. அவர் நெஞ்சு அதற்குள் போயிருக்காது.

எலும்பு வார்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன், நசுங்கி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் உனக்கு எழுதப்போவதில்லை. ஆனால் அன்று கீழே கிடந்த போனைக்கூட எனக்கு எடுக்க வரவில்லை. அப்பாதான் எடுத்தார். அவருக்கும் உதடு வெளுத்திருந்தது. மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம், இத அவன்ட்ட சொல்லாத இன்பம், பயந்துட்டான்னா பொறவு இந்த வேலையே வேண்டாம்னு சொல்லிருவான், பொறவு நான் அவன்ட்ட எதப் பேச என்று கேட்டார். ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகையைப் போட்டு வண்டியைத் திரும்பத் தூக்கி, அவர் மறுபடியும் உள்ளே போனார். நான் மறுபடியும் போனைப் பிடித்தேன். சூப்பர்ப்பா என்று நீ கைதட்டியபோது நான் சிரித்தேனாம், டெல்பின் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மெட்ரோவில் உட்கார்ந்திருக்கும்போதும் எங்கேயாவது இரும்பு மோதினால் தூக்கிப் போடுகிறது. வார்டில் ஊசி போடுகிறபோது ஒரு பாட்டியம்மா என் முகத்தைப் பார்த்து, மகளே, உனக்குத்தான் ஊசி போட வேண்டும்போலிருக்கு என்று ஹிந்தியில் கேலி செய்தாள். இதில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நீ அங்கே தினமும் இதைவிடப் பெரிய வண்டிகளுக்கு அடியில் படுத்துத்தானே பிழைக்கிறாய், இவ்வளவு நாளாக அதை நான் உன் வேலை என்று மட்டும்தான் நினைத்திருக்கிறேன், ஒரு நாளும் மனசில் படமாக ஓட்டிப் பார்த்ததில்லை. இப்போது கண்ணை மூடினால் அதுதான் ஓடுகிறது, ஒரு சமயம் அப்பா, ஒரு சமயம் நீ. உன் பட்டறையில் தரை கான்கிரீட்தானா என்று கட்டாயம் எனக்கு எழுது.

இப்போது முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழ்ந்து, வண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் வெங்கட்ராமன் சார் வீட்டு ஜன்னலில் அடிக்கிறது, பெட்ரூமுக்கு ஃப்ரீ லைட்டு என்கிறார். வருகிற ஞாயிறு பின்பக்கம். பின்பக்கத்துக்கு வண்டியை இன்னும் அதிகமாகத் தூக்கி, அச்சைத் தனியாகத் தாங்கி இறக்க வேண்டும் என்று நீ விளக்கியதை நானும் கேட்டேன், அப்பா எழுதி வைத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துவார், அது எனக்குத் தெரியும். போன் வந்தால் பழையபடி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போவார், அதுவும் தெரியும். இந்த இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். மனுஷன் உயிரோடு இருந்தால்தானே கோபித்துக்கொள்ளவாவது முடியும் என்று இன்று காலை அந்தச் செங்கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் முடிவுக்கு வந்தேன்.

நான் செய்யப்போவது டெல்பினுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது, பட்டறைக்குக்கூட இன்னும் போன் பண்ணவில்லை. முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன். வியாழக்கிழமை அப்பா சபைக் கமிட்டிக்குக் காலையிலேயே மெட்ரோவில் போனால் இருட்டித்தான் வருவார். எனக்கு அன்று ஆஃப். பால்கனியில் இருக்கிற சாமான்களைக் காவலாளியை வைத்து வண்டியில் ஏற்றி, நானே கரோல் பாக்குக்கு ஓட்டிக்கொண்டு போகப்போகிறேன். அங்கே வண்டி தூக்கும் மேடையோடு ஒரு பட்டறை இருப்பதைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின்பக்கத்தை அவர்களே மாட்டட்டும், முன்பக்கத்தையும் பார்த்துச் சக்கரங்களை நேர் செய்து கொடுக்கட்டும். நம் சின்னக் காரைத் தவிர எதையும் நான் காலனி கேட்டுக்கு வெளியே ஓட்டியதில்லை. இந்த வண்டியில் உட்கார்ந்தால் முன்னால் பாதி ரோடு தெரியாது. வழியில் யமுனைப் பாலம் வேறு இருக்கிறது. இருந்தாலும் போவேன். இடதுபக்கமாகவே, மெதுவாகவே போவேன்.

அப்பாவுக்குக் கோபம் வரும், வரட்டும். என்னிடம் பேச மாட்டார். ஆனால் என்னைப் பற்றிக் குறை சொல்ல அவருக்கு யாராவது வேண்டுமே, உன்னைத்தான் கூப்பிடுவார். நீ என் பக்கம் பேசாதே, அவர் பக்கமே பேசு. நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடினபிறகு அந்த யூ போல்ட்டுகளைத் திரும்ப முறுக்க வேண்டும் என்று சொன்னாயே, அதைப் பட்டறைக்காரனிடம் விடாதீங்க, நீங்கதான் பார்க்கணும் என்று அப்பாவிடம் சொல். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டியதில்லை அல்லவா. அது முடிந்ததும் இன்னொன்று சொல், அதற்கப்புறம் வேறொன்று. வேலை தீரவே கூடாது. ஆனால் நாலு சக்கரமும் தரையில் இருக்கிற வேலைகளாகப் பார்த்துக் கொடு மக்கா. போனைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குந்தியிருப்பேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ குனிகிற இடத்திலும் படுக்கிற இடத்திலும் அவர் கை உன்மேல் இருக்கட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இந்தப் படங்களைப் படித்ததும் அழித்துவிடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வழக்கமான நேரத்தில் மறக்காமல் கூப்பிடு, அப்பா காத்திருப்பார்.

உன் அம்மா,
இன்பராணி