சிச்சோவுக்கு வைத்த பால்

என் செல்லத் தம்பி நிரோஜனுக்கு,

நேற்று உன் பாம்பு சாப்பிட்டது. இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? இன்று வேலை முடிந்து வரும்போது கைபேசியை எடுத்து உன் பெயரைத் தேடிவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது. போர்கோ வெக்கியோ சந்தைக்கு நடுவே நின்று அழுதேன். மீன் விற்கிறவர் உட்காரச் சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

நீ அதைக் கொண்டுவந்த அன்று நான் போட்ட கூச்சல் மாடி முழுக்கக் கேட்டது. "போவாக் குட்டி, அக்கா, மலைப்பாம்பு மாதிரி. விஷம் இல்லை. என்னை மாதிரிச் சாப்பாட்டுக்கு மட்டுந்தான் வாயைத் திறக்கும்" என்றாய். ஒரு முருங்கைக்காய் அளவுதான் இருந்தது. இந்த ஊர்ப் பாஷையில் கொழுத்த பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் சிச்சோ என்ற பெயரை அந்த நோஞ்சானுக்கு வைத்தாயே, உன் குசும்பு யாருக்கு வரும்?

கல்சா உணவகத்தில் பாத்திரம் தேய்த்துக் களைத்து வந்தாலும் அதன் சாப்பாட்டு நாளை நீ தவறவிட்டதில்லை. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்குவாய். எலி பாம்பின் உடம்பை விடப் பருமனாக இருக்கக் கூடாது, நீளமான இடுக்கியால் பிடித்து ஆட்ட வேண்டும், விழுங்கிய பிறகு இரண்டு நாள் தூக்கக் கூடாது என்று கேட்காத என்னிடம் எல்லாம் சொன்னாய். தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாய்.

பிறகு அந்த மழைநாளில் ஸ்கூட்டரில் போனாய். திரும்பி வரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

செத்த வீட்டில் மச்சமாமிசம் புழங்காது, உனக்குத் தெரியும். அம்மா குளிர்பெட்டியைத் திறந்து, உன் எலிகள் இருந்த ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்துவிட்டு மூடினார். "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியுமட்டும் இதைத் தொடக்கூடாது பிள்ளை. அதுவரைக்கும் பால் வைப்பம். கோயிலில நாகதம்பிரானுக்கு வைக்கிறதுதானே" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி அதில் பாலை ஊற்றினோம். தினமும் குளித்துவிட்டு, முதலில் உன் படத்துக்கு முன்னால் காட்டி, பிறகு அதன் பெட்டிக்குள் வைத்தார் அம்மா.

அந்தியேட்டி முடிந்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு எலியை நீட்டினேன். சிச்சோ முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. வளர வேண்டிய குட்டி வதங்கிக்கொண்டு வந்தது. பழைய தோல் கழலாமல் திட்டுத் திட்டாக ஒட்டிக் கிடந்தது.

துக்கம் விசாரிக்க வந்த சனம் சிச்சோவின் பெட்டியைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். "வாயில்லாச் சீவன், அதுவும் பிள்ளையைத் தேடுது" என்றார்கள். அம்மா அதன் பக்கத்திலேயே இருந்தார். "எனக்கும் உனக்கும் ஒரே வருத்தம் ராசா" என்று அதனோடு கதைத்தார். எனக்கும் அது பெரிய ஆறுதலாக இருந்தது, தம்பி. உன்னை மறக்காத இன்னோர் உயிர் வீட்டில் இருந்தது.

ஆனால் அது செத்துவிடும் போலத் தெரிந்தபோது எனக்குப் பயம் பிடித்தது. இன்னொரு சாவை அம்மா தாங்கமாட்டார். துவாயால் மூடி அள்ளி, தலையணை உறைக்குள் விட்டு, உன் முதுகுப்பைக்குள் வைத்து பகேரியாவுக்கு ரயில் ஏறினேன். உனக்கு அதை விற்ற சால்வோவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீ போனது அவருக்குத் தெரியாது. சொன்னதும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு பாம்பின் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்து, குடிக்க என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டார். பால் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து அதை உள்ளே விட்டார். சிச்சோ தலையைத் தாழ்த்திக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

"பாம்புக்குத் துக்கம் தெரியாது, சிஞ்ஞோரா. இதற்குத் தாகம்" என்றார் சால்வோ. கஷ்டமென்றால் தானே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் அதைத் திரும்பக் கொண்டுபோக முதுகுப்பையின் வாயைத் திறந்து பிடித்தேன்.

வீட்டில் தண்ணீர் வைத்தோம். சில நாட்களில் ஒட்டியிருந்த தோல் கழன்றது. நேற்று எலியை நீட்டினேன். பாய்ந்து பிடித்துச் சுருட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் அம்மா ஓடி வந்தார். எலியின் வால் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப, பிள்ளை, அது இவனைத் தேடேல்லையோ?" என்று கேட்டார்.

அம்மா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு அந்தப் பாம்பின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. உன் கையால் தின்று வளர்ந்ததற்கு நீ இல்லாதது தெரியவே இல்லையா? உன் கைக்கும் என் கைக்கும் அதற்கு ஒரு வித்தியாசமும் இல்லையா? நீ மட்டும் ஏனடா அதன்மேல் இவ்வளவு பாசம் வைத்தாய்?

இன்று காலை பார்த்தேன். அம்மா கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அது குழந்தைதானே, அதுக்கென்ன தெரியும்" என்றார்.

சிச்சோ இருபது வருடத்துக்கு மேல் இருக்குமாம், என்னை விட நீளமாக வளருமாம். ஒருநாள் நீ நின்றுபோன வயதையும் அது தாண்டிவிடும். அன்றைக்கும் எலியை இளக்கி, இடுக்கியில் பிடித்து நானே கொடுப்பேன். இது சத்தியம். அது சாப்பிட்டு வளர்ந்தால் போதும், தம்பி. உன்னைத் தேட நாங்கள் இருக்கிறோம்.

பாம்பென்றால் இன்னும் நடுங்குகிற,
உன் அக்கா