மணல் வெள்ளையாக வரணும்

என் வீட்டுக் கேமராக்காரருக்கு,

உங்கள் சிஷ்யை, லாட்ஜ் சலவைக்காரி எழுதிக்கொள்வது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் பாலைவனத்தைப் பெருக்கினேன். நிஜமாகவே, விளக்குமாறு எடுத்துக்கொண்டு போய். சிரிக்காதீங்க. ஆஸ்பத்திரியில் இதை அவருக்கு வாசித்துக் காட்டுகிற நர்ஸம்மா, நீங்களும்தான்.

படத்தில் முன்னால் காற்று போட்ட மணல்வரி தெரியணும், அதுதான் பார்க்கிறவரை உள்ளே கூட்டிக்கொண்டு போகும் என்றீர்களா? நானும் கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, வரி ஒழுங்காக இருக்கிறதா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். திரும்பினால் ஆனை போன மாதிரி என் கால்தடம். அதை அழிக்கத்தான் பெருக்கினேன். படத்தில் பாலைவனம் நம்ம வாசல் மாதிரி வந்திருக்கிறது. பார்க்கிறவர் உள்ளே வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு.

இன்னொரு கூத்து. மணல் கண்ணைக் கூசுகிறதே என்று வெளிச்சத்தைக் குறைத்தேன். சிமெண்ட் மூட்டையைக் கொட்டின மாதிரி சாம்பலாக வந்தது. நீங்கள் போனில் கத்தினீர்கள், கேமராவுக்கு மூளை கிடையாதுடி, வெள்ளையைப் பார்த்தால் மிரண்டு இருட்டாக்கிவிடும், நீதான் ஒரு படி கூட்டணும் என்று. மூளையில்லாததுகள் ரெண்டும் ஜோடியாகப் போனால் வேறென்ன வரும்?

அப்புறம் ஒருநாள் விடிகிற நேரத்தில் போனேன். வெயில் பக்கவாட்டில் விழுந்தது. ஒரு படி கூட்டினேன். அடிவானத்தை நடுவில் வைக்காமல் மேலே ஏற்றினேன். பட்ட மரத்தை ஓரமாக நிறுத்தினேன். அதைத்தான் பெரிசாகப் பிரிண்ட் போட்டு, எப்படி எடுத்தேன் என்று போனிலும் சொல்லி, அனுப்பினேன். படக் கவரை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன் என்று அடம் பிடிக்கிறீர்களாமே, நர்ஸம்மா சொன்னாங்க.

உங்கள் கையாலேயே எழுதின பதில் வந்தது. எழுத்தெல்லாம் பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. ஜன்னலோரம் வைத்துப் படித்துவிட்டேன். மணல் வெள்ளையாக இருக்கிறது, நிழல் கெட்டியாக விழுந்திருக்கிறது, மரம் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறது, திருத்த ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என் சமையலுக்குக்கூட இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. லாட்ஜில் ஒருத்தர் விடாமல் பிடித்து வைத்து வாசித்துக் காட்டினேன்.

பெரிய டாக்டர் எனக்கு போன் பண்ணினார். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் பேசினார். இனி கொடுக்கிற மருந்து பார்வைக்கு இல்லையாம், வலிக்குத்தானாம். உங்களிடமும் சொல்லிவிட்டாராம். நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. சரி, நானும் கேட்கவில்லை.

வீட்டில் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். வாசலிலிருந்து கட்டில்வரை குறுக்கே ஒன்றுமில்லை.

வந்து என் பக்கத்தில் நின்று, நேராகப் பிடி, கூட்டு, குறை என்று கத்துங்கள். உங்களுக்குப் பிடித்த வசவு எதுவானாலும் சரி. திட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீங்க. நல்லபடியாக வந்து சேரணும்.

இப்படிக்கு,
மூளையில்லாததில் மூத்தவள்

பி.கு.: தபால்தலை எடுக்க அலமாரியைத் திறந்தேன். அந்தப் படம் அங்கேயே இருக்கிறது. படம் கசங்காமல் இருக்க ஸ்டூடியோக்காரர் கொடுத்த வெள்ளை அட்டையைத்தான் கவரில் போட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.