மாங்கனி மறைத்த மன்னன் காவன்மலை அரசிக்கு விடுத்த ஓலை

திரு நிலைபெறுக. மழை பொய்யாதொழிக. அருவிகள் ஆர்க்கும் காவன்மலை நாடுடைய பெருமாட்டி, மாந்தோப்புகளைப் பெற்ற பிள்ளைகள்போல் காக்கும் இளவேண்மாள் தேவியார் திருமுன்பு, மருதவள நாட்டு மன்னன் வளத்தரையன், எழுத்தனை அழைக்க நாணித் தன் கையாலேயே கீறிய ஓலை. தங்கள் கோலும் குடியும் ஓங்குக. எம் நலம் கேட்டருள வேண்டா. அதற்குத் தக்க நிலையில் யாம் இல்லை.

சென்ற திங்கள் யாம் பட்டத்தரசியோடும் மகள் குறுந்தேவியோடும் அருவியாட வந்து, தங்கள் விருந்துமாளிகையில் மகிழ்ந்திருந்து மீண்டதைத் தாங்கள் அறிவீர்கள். வந்தபோது செய்த களவை அறியீர்கள்.

தங்கள் எல்லைவாயிலின் வழக்கம் நாடறிந்தது. அயல்நாட்டு மாங்கொட்டைக்குள் ஒளிந்துவந்த வண்டு முன்னொரு காலம் மலைத்தோப்புகளை அழித்தமையால், வருவோர் கட்டுச்சோற்றையும் பலகாரத்தையும் கனியையும் வாயிலிலேயே காவலரோடு ஒரே பந்தியில் உண்டு முடித்து, கொட்டையைத் தீயிலிட்ட பின்னரே உள்ளே புகலாம். யாமும் இறங்கி அமர்வோம், ஊரோடு ஒத்துப்போவதே அழகு என்று எம் தேவியார் சொல்லத்தான் சொன்னார். வண்டியோட்டிகளோடு புழுதியில் இலை போட்டு உண்பதா என்று யாம் இறுமாந்தோம். எம் தோட்டத்து மாங்கனி இல்லையேல் குறுந்தேவி தயிர்ச்சோற்றைத் தொடவும் மாட்டாள். ஆகவே கனிக்கூடையை ஒளித்த எம் செயலுக்குப் பிள்ளைப்பாசம் என்று பெயர் சூட்டிக்கொண்டோம். அடடா, எத்துணை அழகிய பெயர்!

வாயிற்காவலன் எயினன் பல்லக்கருகே வந்து கைகூப்பி, உண்பொருள் ஏதும் உண்டோ என வினவினான். ஒன்றுமில்லை என்றோம். இருக்கையின் அடியில் கனிக்கூடை கமகமவென்று மணத்துக்கொண்டிருந்தது. அம்மணம் அவனுக்கும் எட்டியிருக்கும். ஆயினும் அரசர் சொல்லுக்கு மேல் சோதனை ஏது என்று வழிவிட்டான். மகள் எம் முகத்தை நிமிர்ந்து நோக்கினாள். யாம் திரையை இழுத்துவிட்டோம்.

நேற்றுத் தங்கள் ஓலை வந்தது. விருந்துமாளிகைத் தோப்பில் அயல் மாங்கொட்டை ஒன்றும் வண்டும் காணப்பட்டன என்றும், மரங்களை வெட்டி எரித்தீர்கள் என்றும், எவனோ ஒரு வணிகனைச் சோதியாமல் விட்டானென எயினனைச் சிறையிட்டீர்கள் என்றும் அறிந்தோம். அக்கொட்டை எம் கூடைக் கனியினதே. எம் பல்லக்கைப் பற்றி வினவியபோது, ராசா பொய் சொல்லுவாரா தாயே, என் கண்ணுதான் ஏமாந்துபோச்சு என்று அவன் கதறினானாம். அவ்வரியைப் படித்ததும் எழுத்தாணியைக் கையில் எடுத்தோம். பொய்யுரைத்த யாம் பஞ்சணையில் கிடக்க, எம்மை நம்பியவன் விலங்கில் கிடக்கிறான். வேலியே பயிரை மேய்ந்தது, தேவி.

ஆகலின் எயினனை இக்கணமே விடுவித்து, அவன் காவற்கோலை அவன் கையிலேயே அளித்தருள்க. எரிந்த தோப்பை மீண்டும் எழுப்ப எம் உழவர் வருவர். கன்று மட்டும் தங்கள் மண்ணினதாகுக. இனி எம் நாட்டு வாயில்களிலும் அரச பல்லக்கே முதலில் சோதிக்கப்படுமென ஆணையிட்டோம். இதற்கு எம் நெற்கதிர் இலச்சினை சான்று.

இவ்வோலை கொணர்ந்தவனைத் தூதனென்று எண்ணி விருந்து படைக்க வேண்டா. குடையும் பல்லக்குமின்றி நடந்துவந்து தங்கள் சிறைவாயிலில் நிற்பவன் யாமே. எயினன் வெளியே வரட்டும். அவ்வறைக்குள் யாம் புகுகிறோம்.