சம்பந்தி வீட்டுச் சுவர்

போர்ட் ஸ்கெல்லி
மார்ச் 9, 1976

அன்பு மகள் எல்ஸ்பெத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் கர்த்தர் கிருபையால் உயிரோடும் மிச்சப் பற்களோடும் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஆண்ட்ராவும் மூன்று குழந்தைகளும் நியூசிலாந்தில் சுகம்தானே. வேறு யாரும் எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், உன் மாமனார் வாத்து ஜேம்ஸின் வீடு போய்விட்டது. கடல் கொண்டுபோகவில்லை, மாவட்ட சபை இடித்தது. போன வருஷம் நம் நகரசபையைக் கலைத்தார்கள் அல்லவா, என் கவுன்சிலர் பதவியும் அதோடு போயிற்று. இப்போது நம்மை ஆள்வது முப்பது மைல் உள்ளே, கடல் வாடையே படாத ஊரில் உட்கார்ந்திருக்கிற குமாஸ்தாக்கள். அவர்கள் முதல் வேலையாக வாக்காளர் பட்டியலிலிருந்து நம் பட்டப்பெயர்களை அடித்துவிட்டார்கள், அரசாங்கக் காகிதத்தில் அவன் பேருக்கு முன் வாத்து, என் பேருக்கு முன் துரை என்றெல்லாம் இருப்பது அசிங்கமாம். இந்த ஊரில் அவனையும் என்னையும் சேர்த்துப் பதினோரு ஜேம்ஸ் ஃப்ளெட் இருக்கிறோமே ஐயா, கரைத்தெருவில் வீட்டு எண்கூடக் கிடையாதே என்று நேரில் போய்ச் சொன்னேன். அதெல்லாம் தபால்காரர் பாத்துக்குவார் என்றான் ஒரு பொடியன்.

தபால்காரன் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். சபைக் கடிதம் என்றாலே பழைய கவுன்சிலருக்கு என்று வெறும் ஜேம்ஸ் ஃப்ளெட், கரைத்தெரு என்று வந்த ஒன்றை டிசம்பரில் என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான். புயலில் விரிசல் விட்ட கடல்பக்கச் சுவரைச் சரிசெய்வதாக இருபத்தெட்டு நாளில் எழுதிக்கொடுக்காவிட்டால் வீட்டை இடிப்போம் என்று இருந்தது. படித்த உடனே அது வாத்துக்கு வந்தது என்று புரிந்துவிட்டது. அறுபது அடி நடந்தால் அவன் வாசல், நான் நடக்கவில்லை. வேதாகமத்துக்குள் வைத்து மூடிவிட்டேன். முகத்தைச் சுளிக்காதே எல்ஸ்பெத், உன் கல்யாண விருந்தில் உன்னைக் காட்டி அவன் ஊரே கேட்கச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "என்னப்பா துரை, வலை உன்னுது, மீனு என்னுது!" எல்லாரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். ஆறே மாதத்தில் அவன் பிள்ளை உன்னைப் பூமியின் மறுகோடிக்குக் கூட்டிக்கொண்டு போனான், எட்டு வருஷமாகப் பேரப்பிள்ளைகளை நான் போட்டோவில்தான் பார்க்கிறேன். அவனும் ஒன்றை இழந்து பார்க்கட்டுமே என்று நினைத்தேன்.

போன மாதம் அவன் கடலில் இருந்தபோது ஆட்கள் வந்தார்கள், மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அவன் வீட்டின் அந்த வெள்ளைச் சுவரையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துத்தான் நம் படகுகள் பாறைகளுக்கு நடுவே நுழையும், அது அந்தக் குமாஸ்தாக்களுக்கு எங்கே தெரியும். சுவரைக் காணாமல் வாத்து மூன்று தரம் வெளியிலேயே சுற்றினான், கடைசியில் பாறையில் அடிப்பலகையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தான். எங்கடா என் வீடு என்றான். சபை தின்னுடுச்சு சம்பந்தி, கடலுக்கு வேலை மிச்சம் என்றேன். சொல்லும்போது எனக்கு இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அவன் மீன்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் சொன்னான், "எனக்காக அழலைடா துரை. உன் பொண்ணு மே மாசம் வர்றா. ஆண்ட்ராவுக்கு அங்க வேலை போச்சு, இருந்த வீட்டையும் விட்டுட்டாங்க, கப்பல் டிக்கெட்டும் எடுத்தாச்சு. இனிமே இங்கதான். இந்த வீட்டை அவங்களுக்கு எழுதி வெச்சிருந்தேன். உன் வாசல்ல வந்து நின்னு உன்னை அழவைக்கணும், அதுவரைக்கும் வாயத் தெறக்காதீங்கன்னு உன் பொண்ணுதான் எழுதியிருந்தா."

ஏன்டி, எனக்கு ஒரு வரி எழுதினால் உன் கை தேய்ந்துவிடுமா? எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தை வெறுங்காலோடு ஓடிப்போய் அவனிடம் கொடுத்திருப்பேன். ஆகையால் இதில் பாதி உன் தப்பு, நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் அம்மா அவனைக் கையோடு கூட்டிவந்து உன் அறையில் படுக்க வைத்திருக்கிறாள். இருக்கிற இடத்தில் அவனே ஒடுங்கிப் படுக்கிறான், நீங்கள் ஐந்து பேர் வந்தால் எங்கே வைப்பது? நோட்டீசு வரவே இல்லை என்று சபைக்குப் புகார் எழுதித் தரச் சொன்னான். எழுதினேன். சாட்சி என்று கையெழுத்தும் போட்டேன். தினமும் என் மேசையில் சூப்பு குடிக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, இப்படி ஒரு சம்பந்தியைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்று சத்தமாக ஜெபிக்கிறான். உன் அம்மாவும் ஆமென் சொல்கிறாள், அவளுக்கும் தெரியாது. என்னால் இதைத் தனியாகத் தூக்க முடியவில்லை, அதனால்தான் உனக்கு எழுதினேன்.

சபை வாடகைக்கு விடும் வீட்டைக் கேட்கும் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், குழந்தைகளின் பிறந்த தேதிகளை மறக்காமல் எழுது. கடலோரத்தில் காலி இல்லையாம், உள்நாட்டில் இரண்டு வருஷத்தில் கிடைக்கலாமாம். கர்த்தர் உங்களை நல்லபடியாகக் கரை சேர்ப்பாராக. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஆண்ட்ராவிடம் சொல்வதோ, சொல்லாமல் ஆயுசுக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதோ, இனி உன் பாடு.

உன் அப்பா,
ஜேம்ஸ் ஃப்ளெட்