வேகத்தைக் குறைத்தது நீதான்

பிரியமுள்ள மோகன்,

உங்கள் குழுவின் ஆல்பம் வந்துவிட்டது. நீ போய் ஏழு மாதம் கழித்து வந்திருக்கிறது. பதினொரு வருடமாக ரசிகர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன அந்த இரண்டாவது ஆல்பம், ‘எட்டாம் வளைவு’. அட்டையில் உன் படம் இல்லை. வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாயாம். புசல்லாவை வீதியில் ஒரு திருப்பம், கொஞ்சம் பனி, ஒரு பஸ்ஸின் பின்பக்கம். பஸ்ஸின் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, “இது தம்பியோட பஸ்ஸு” என்றாள் உன் அக்கா கமலா.

முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதுகிறவன் உன் அத்தான் நான். பிழை விட்டால் மறுநாள் பெட்டி கட்டி இரண்டு வரியில் திருத்தம் போடுவோம். இந்த முறை நான் விட்ட பிழை இரண்டு வரிக்குள் அடங்காது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். வாசகர்களும் வாசிக்கட்டும். அவர்களிடமும்தான் நான் தவறாகச் சொன்னேன்.

உன்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். கண்டிக்கும் புசல்லாவைக்கும் இடையில் பஸ் ஓட்டியவன் நீ. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம்ஸ் அடித்தவன். உங்கள் ராக் குழுவுக்கு ‘ஏழாம் வளைவு’ என்று பெயர் வைத்தவனும் நீதான். திகனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஃபாஸில் பாட, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சுதன் கிட்டார் வாசிக்க, மூன்று பேரும் எழுப்பிய சத்தத்தில் மண்டபத்துக் கதிரைகள் தானாக நகர்ந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இந்த மலைநாட்டில் அவ்வளவு வேகமாக எவரும் டிரம்ஸ் அடித்ததில்லை என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள்.

அந்த ரசிகர்களுக்குத்தான் இந்த ஆல்பம் தொண்டையில் இறங்கவில்லை. ஒன்பது பாட்டும் மெதுவாகப் போகின்றன. மேடையில் நீங்கள் வாசிக்க அவர்கள் துள்ளித் துள்ளிக் கேட்ட பாட்டுகள்கூட இதில் நடந்து வருகின்றன.

வெளிவந்த முதல் வாரம் புசல்லாவை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாரதி அதைத்தான் போட்டிருந்தார். எனக்கு முன் ஆசனத்தில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள், ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும்.

“இந்த வேகத்துல போனா நாம இறங்குறதுக்குள்ள தேயிலைக் கொழுந்து முத்திடும்” என்றான் அவன்.

“உனக்குத் தலைய ஆட்டணும். அவ்வளவுதானே?”

“ராக்குன்னா பின்ன என்ன, தாலாட்டா?”

“வார்த்தைய கேட்டியா நீ?”

“பத்து வயசுலருந்து காத்துக்கிட்டு இருந்தது வார்த்தைக்கா?”

கண்டக்டர் நடுவில் புகுந்தார். “முதல்ல டிக்கெட்ட எடுங்க. பொறகு சண்ட போடலாம்.”

இணையத்தில் பாட்டுகளின் கீழே ரசிகர்கள் எழுதியவற்றையும் வாசித்தேன். ஒருவர், வயதாகிவிட்டால் வீட்டில் இருக்கலாமே என்றார். இன்னொருவர், கண்ணை மூடிக்கொண்டு மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் வேறு வேறு இடத்தில் அழுதேன் என்றார். இது ஏமாற்று என்றவரும் உண்டு, இதுதான் இவர்களுடைய உண்மையான முதல் ஆல்பம் என்றவரும் உண்டு. நீ இருந்திருந்தால் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் சத்தமாக வாசித்துச் சிரித்திருப்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மோகன். கோபம் வந்தது. கடைசி மாதங்களில் உன் கைகளைப் பார்த்தவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தண்ணீர்க் கோப்பையை நீ இரண்டு கையாலும் பிடித்ததைப் பார்த்தவன். ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் இப்படி எழுதினேன்: “நோய் தின்ற கைகளால் இதற்கு மேல் ஓட முடியவில்லை. அதை மனதில் வைத்துக் கேளுங்கள்.”

தெருவில் ஒரு மரம் விழுந்தால்கூட இரண்டு பேரையாவது கேட்காமல் எழுத மாட்டேன். இதற்கு ஒருவரையும் கேட்கவில்லை. அன்பு இருக்கிறதே, விசாரிப்பு எதற்கு என்று நினைத்துவிட்டேன்.

பத்தி வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. ஏசியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். “பாவம், முடியாமல் அடித்திருக்கிறார்” என்று எல்லோரும் எழுதினார்கள். நான் மகிழ்ந்தேன், உன்னைக் காப்பாற்றிவிட்டதாக. ஆனால் அதற்குப் பிறகு பாட்டுகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நம் வீட்டில் நடந்ததுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஃபாஸில் கொண்டுவந்து தந்த இசைத்தட்டை, ஞாயிறு சமையல் முடித்து ஆறுதலாகக் கேட்கிறேன் என்று அக்கா வைத்திருந்தாள். அன்று காலை என் பத்தியை வாசித்தாள். தட்டை எடுத்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

“ஏன் கமலா?”

“அவன் கை வலிக்க வலிக்க அடிச்சத நான் உக்காந்து ரசிக்கணுமா? என்னால முடியாதுங்க.”

உன் கடைசி வேலையை உன் சொந்த அக்கா கேட்க மாட்டாள். அதற்குக் காரணம் என்னுடைய இரண்டு வாக்கியம்.

இரண்டு நாள் கழித்து ஃபாஸில் தொலைபேசியில் வந்தான். வழக்கமாகச் சலாம் சொல்லி, வீட்டில் எல்லோரையும் விசாரித்துத்தான் தொடங்குவான். அன்று அது எதுவும் இல்லை.

“அண்ணன், நீங்க எழுதினத வாசிச்சேன். மோகன் உசிரோட ஈந்திருந்தா உங்கட வாசல்ல வந்து நின்னு ஏசியிருப்பான்.”

“என்ன பிழை, ஃபாஸில்?”

“அவன் ஏலாம அடிக்கல்ல. வேணும்னுதான் அடிச்சான். நீங்க ஏன் எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல?”

மறுநாளே ஹந்தானை மலைக்கு ஏறினேன். நீங்கள் ஒலிப்பதிவு செய்த அந்தப் பழைய களஞ்சிய அறைதான். சுவரில் நீ ஆணியடித்து மாட்டிய மெத்தைகள் அப்படியே இருக்கின்றன. உன் டிரம்ஸ் மேல் ஒரு போர்வை.

“வாங்கோ அண்ணை, இருங்கோ” என்றான் சுதன். “தேத்தண்ணி பிறகு. முதல் இதைக் கேளுங்கோ.”

‘இறங்குமிடம்’ பாட்டுக்கு இரண்டு பதிவுகள் கணினியில் இருந்தன. இரண்டும் ஒரே நாள், ஒரே காலை; நோய் தெரிந்த பிறகு, நீ கட்டிலில் விழுவதற்கு முன். முதல் பதிவைப் போட்டான். மோகன், அது பழைய நீ. அதே வேகம். ஓர் அடிகூடப் பிந்தவில்லை. பாட்டு முடிந்ததும் நீ மூச்சு வாங்குவது கேட்கிறது. பிறகு உன் சிரிப்பு. “அடேய், இன்னும் கை இருக்கு பாரு!”

சுதன் நிறுத்தவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

“ஃபாஸில், அந்த ரெண்டாவது வரி என்னடா? எழுப்பாமன்னு என்னமோ வருதே?”

ஃபாஸில் வாசித்துக் காட்டுகிறான்: ‘என் இறங்குமிடம் கடந்த பின்னும் எழுப்பாமல் ஓட்டினாய்.’

நீ குச்சிகளைக் கீழே வைப்பது கேட்கிறது.

“இது… அன்னைக்கி நீ பஸ்ஸுல தூங்கினியே, உங்க வாப்பா மவுத்தான வாரம்? நான் உன்ன எழுப்பாம கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போனேனே, அதுவாடா?”

“வேற எது?”

“ஒம்பது வருஷமா என்னப் பத்தியாடா பாடுற?”

“ஓ, உன்னப் பத்தித்தான்.”

“நான் அடிச்ச அடியில எனக்கே கேக்கலியேடா. வேற எவனுக்குக் கேட்டிருக்கும்?”

“நீ அடிக்கிறத கேக்கத்தானே ஆக்கள் வாராங்க.”

“வேணாம்டா. மெதுவா போவோம். எல்லாப் பாட்டும்.”

பிறகு குச்சியோடு குச்சி மோதும் நான்கு தட்டு. மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஓர் ஆள் நடந்து போகலாம் போல. ஆல்பத்தில் இருப்பது அந்த இரண்டாவது பதிவு.

“முதலாவதைத்தான் போடுவம் எண்டு நான் சண்டை பிடிச்சனான், அண்ணை” என்றான் சுதன். “அவர் விடேல்லை. இண்டைக்கும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனா அது அவரின்ரை முடிவு.”

அன்று பின்னேரம் ஹந்தானையிலிருந்து நடந்தே இறங்கினேன், காதில் உங்கள் ஆல்பத்தை வைத்துக்கொண்டு. முன்பு நான் கேட்டது ஒரு நோயாளியை. இப்போதுதான் டிரம்ஸைக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் ஃபாஸில் மூச்சை இழுக்கும் இடத்தில் நீ அடியைப் பிடித்து வைக்கிறாய், அவன் வார்த்தை விழுந்த பிறகுதான் உன் அடி விழுகிறது. ஆறாவதில் சுதன் கிட்டாரை விட்டுவிடுகிறான், நீ ஒற்றைக் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மால் மட்டும் பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாய். வேகமாக அடிக்கத் தெரிந்தவன் அடிக்காமல் விட்ட இடங்கள் எல்லாம் தெளிவாகக் கேட்கின்றன. பலவீனத்துக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது. ஐந்தாவது பாட்டு மட்டும் நீளம், அதைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பொய்யனாவேன்.

சாவு பக்கத்தில் வந்ததால்தான் வார்த்தைகளைக் கேட்கத் தோன்றியதா உனக்கு? அல்லது ஆரோக்கியமாக இருந்திருந்தாலும் அந்தக் காலையில் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பாயா? தெரியவில்லை. நீ சொல்லாததை இன்னொரு தரம் நான் எழுத மாட்டேன்.

சுதனிடம் இரண்டு பதிவுகளையும் கேட்டு வாங்கி வந்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல?” என்றாள். “பாட்டு வேண்டாம். பேச்சை மட்டும் கேள்” என்றேன்.

“இன்னும் கை இருக்கு பாரு” என்று நீ சிரித்த இடத்தில் அவள் கத்தியைக் கீழே வைத்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன். “வலியில சிரிக்கிறவன் இப்படிச் சிரிக்க மாட்டான்” என்றாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றிப் பேசும்போது அவள் முகம் இறுகவில்லை.

பிறகு முதல் பதிவு முழுவதையும் கேட்டாள். அடுத்து இரண்டாவது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை பார்.

“முதலாவதுதான் நல்லா இருக்கு” என்றாள்.

“கமலா, அவனே வேண்டாம்னு சொன்னது அது.”

“சொன்னா? சின்ன வயசுலருந்து அவன் சொன்ன எதை நான் ஒத்துக்கிட்டேன்? இந்த ரெண்டாவதுல என்னங்க இப்படி இழுக்கிறான்? பஸ்ஸுன்னா இந்நேரம் பின்னால ஹோர்ன் அடிச்சிருப்பாங்க.”

“வார்த்தையைக் கேட்டாயா நீ?”

“கேட்டேன். வார்த்தை நல்லா இருக்கு. அடி போதாது.”

பஸ்ஸில் அந்த மாணவர்கள் போட்ட சண்டை நம் குசினிக்குள் வந்துவிட்டது, மோகன். சோறு ஆறும் வரை வாதாடினோம். அவள் உன்னை ஏசினாள், நான் உனக்காகப் பேசினேன். எங்கள் இரண்டு பேர் வாயிலும் ‘பாவம்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. இசைத்தட்டு இப்போது அலுமாரியில் இல்லை. சோற்றுச் சட்டிக்குப் பக்கத்து ராக்கையில், அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. தினமும் போடுகிறாள். தினமும் குறை சொல்கிறாள்.

இந்த ஞாயிறு என் பத்தியின் தலையில், பெட்டி கட்டி, இப்படி வரும்: “‘எட்டாம் வளைவு’ ஆல்பத்தின் மெதுவான தாளத்துக்கு டிரம்ஸ் கலைஞரின் நோயே காரணம் என இங்கு எழுதப்பட்டது தவறு. அது அவரது தெரிவு.” இன்னொரு வாக்கும் தருகிறேன். உன் பாட்டு பிடிக்கவில்லை என்று எவர் சொன்னாலும், நீ இல்லை என்பதைக் காட்டி அவர் வாயை அடைக்க மாட்டேன். பாட்டைக் காட்டி மட்டும்தான் பதில் சொல்வேன், அக்காவுக்கும் அப்படியே.

இப்படிக்கு,
உன் அக்காவோடு உனக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கும்
அத்தான்