ஐந்தாவது ஜோடிக் கண்

நிலாக் குடியேற்ற நாள் 212, மாலை 4.10
இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு: நான் செவந்தியப்பன். நிலவின் ஒன்பதாம் குமிழ்வீடு. காற்று போதும், தண்ணீர் போதும். பெருமைதான் வீடு கொள்ளவில்லை. என் மகள் முத்தரசி இன்று பூமியில் கபடி இறுதிப் போட்டி ஆடுகிறாள். பார்ப்பதற்குத் தங்கச்சி வெள்ளையம்மாளும் அவள் கணவர் தவசி மச்சானும் வந்திருக்கிறார்கள். மூவுலகமும் என் பிள்ளைமேல் கண்வைக்குமே! டிவிக்கு எதிர்ச்சுவரில், பூசணிக்காய் பருமனில் முழி பிதுங்கும் திருஷ்டி பொம்மை ஒன்றை மாட்டினேன்.

4.31
ஆட்டம் தொடங்கியதும் டிவிப் பெட்டி வாயைத் திறந்தது: "உங்கள் உரிமம் நான்கு பேருக்கு. ஐந்து ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. ஒருவர் வெளியேறவும்." திரை கறுத்தது.
நான், மனைவி பூரணி, மச்சான், தங்கச்சி. பதினெட்டாயிரம் தடவை எண்ணிவிட்டேன். நாலுதான்!

4.44
டிவிக் கம்பெனிக்கு ரேடியோ போட்டேன். மூன்று விநாடியில் வரவேண்டிய பதில் மூன்று யுகம் கழித்து வந்தது: "பெட்டி தப்பா எண்ணாது சார். உங்க வீட்ல யாரோ கண்ணச் சிமிட்டாம பாத்துக்கிட்டிருக்காங்க."
யாரடா அந்த யோக்கியன்?

4.52
இரண்டாம் பாதி. விருந்தாளியை எழுப்பிவிடும் வம்சமா நம்முடையது? பூரணியோ பெற்றவள். நானே விண்ணுடை மாட்டிக்கொண்டு, காற்றறை வழியாக மகாராஜா போல வெளியேறினேன்.

5.03
குரல் பதிவு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து. ரேடியோவில் தங்கச்சி: "அண்ணே, படம் வந்துருச்சு! நம்ம முத்து ரெய்டு போறா! ஒருத்தியத் தொட்டுட்டா, அய்யோ, கால இழுக்குறாளுகளே..."
பெட்டி குறுக்கிட்டது: "வர்ணனைக்கு உரிமம் இல்லை."
ரேடியோ செத்தது.

5.07
டிவியின் முதுகுப்பக்க ஜன்னலில் நிற்கிறேன். திரை தெரியவில்லை. மூன்று முகம் தெரிகிறது. அவற்றுக்குப் பின்னால், சுவரில்...
அடப்பாவி. பொம்மை!
ஐந்தாவது ஆளை மாட்டியதே நான்தான். அதைக் கழற்றச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினேன். நான் குஷியில் ஆடுகிறேன் என்று நினைத்து மச்சான் பதிலுக்குக் கைகாட்டுகிறார். காற்றறை மறுபடி திறக்க இருபது நிமிடம் ஆகும். ஆட்டம் முடிய நாலு.

5.11
ஹெல்மெட்டை ஜன்னலில் ஒட்டிக் கேட்கிறேன். தொம், தொம். யாரோ குதிக்கிறார்கள். அல்லது தரையில் அடித்துக்கொள்கிறார்கள். பூரணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா? பூரணி, கையை எடு. ஜன்னலைப் பார்.
முத்து... ஜெயிச்சியா, தாயி?
ஒருவர் கண்ணும் ஜன்னலுக்கு வரவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது, அது ஒன்று மட்டும்.